ஓசூர் பழைய நகரில் வாடகை உயர்வு: காலி செய்து போகிறவர்கள் எங்கே போகிறார்கள்?

மலையடிவாரம்

அனைவருக்கும் வணக்கம். விமான நிலையம் வருமா, மெட்ரோ ரயில் அத்திப்பள்ளியைத் தாண்டுமா என்பதைப் பற்றி ஏற்கெனவே வேண்டிய அளவு பேசியாகிவிட்டது. இந்த இழையில் அவற்றை ஒதுக்கிவிட்டு ஒரே ஒரு கேள்வியை எடுத்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன். தேர்ப்பேட்டையிலும், நேதாஜி சாலையை ஒட்டிய சந்துகளிலும், ராம் நகரின் பின்பகுதியிலும் நெடுங்காலமாக வாடகைக்கு இருந்த குடும்பங்கள் ஒவ்வொன்றாகக் காலி செய்துகொண்டு போகின்றன. அவர்கள் ஏன் போகிறார்கள், எங்கே போகிறார்கள், அதைத் தடுக்க முடியுமா?

1964இல் ரூத் கிளாஸ் என்ற சமூகவியலாளர் லண்டனைப் பற்றி எழுதியபோது, இஸ்லிங்டன் போன்ற பகுதிகளில் உழைக்கும் மக்கள் வாழ்ந்த தெருக்களை நடுத்தர வகுப்பினர் வீடுவீடாகப் பிடித்துக்கொள்வதையும், இப்படித் தொடங்கினால் பழைய குடிகளில் பெரும்பாலோர் வெளியேறும்வரை அது நிற்பதில்லை என்பதையும் சுட்டிக்காட்டினார். அங்கே பழைய வீடுகளைப் புதுப்பித்துக் குடியேறினார்கள். இங்கே யாரும் புதுப்பிப்பதில்லை. ஓட்டு வீட்டை இடித்துவிட்டு, அதே இரண்டு சென்ட் இடத்தில் நான்கு மாடி எழுப்புகிறார்கள். கீழே வண்டி நிறுத்தம், மேலே ஒற்றைப் படுக்கையறை வீடுகள், வாசலில் ‘ஐ.டி. ஊழியர்களுக்கு மட்டும்’ என்ற பலகை. முன்பு அந்த ஓட்டு வீட்டின் மூன்று பகுதிகளில் மூன்று குடும்பங்கள் இருந்தன. அவற்றில் ஒன்றுகூட புதிய கட்டடத்துக்குத் திரும்பி வந்து நான் பார்த்ததில்லை.

இரண்டாம் ஷிப்ட்

வணக்கம் ஐயா. எங்கே போகிறார்கள் என்று கேட்டீர்கள். நான் பாகலூர் தாண்டிப் போனேன்.

மூக்கண்டப்பள்ளியில் லைன் வீட்டில் இருந்தோம். ஒரே வரிசையில் ஆறு வீடுகள், முன்னால் ஒரு குழாய், பின்னால் இரண்டு கழிப்பறைகள். வசதி என்று சொல்ல முடியாது. ஆனால் ஆலை வாசலுக்கு மிதிவண்டியில் போய்விடலாம், மனைவி வேலை செய்த தையல் கூடத்துக்கு நடந்தே போய்விடலாம். மூத்த மகள் படித்த பள்ளியும் அருகிலேயே இருந்தது. வீட்டுக்காரர் திடீரென்று வரிசை முழுவதையும் ஒருவரிடம் மொத்தமாக விட்டுவிடப் போவதாகச் சொல்லி, இரண்டு மாதம் அவகாசம் கொடுத்தார். அதே பகுதியில் வேறு வீடு தேடியபோதுதான் நிலவரம் புரிந்தது. வாடகை எட்டாயிரம் என்றால் முன்பணம் பத்து மாதம், அதாவது எண்பதாயிரம். அதற்கு மேல் புரோக்கருக்கு ஒரு மாத வாடகை. பழைய வீட்டில் கொடுத்திருந்த இருபதாயிரம் முன்பணத்திலும் வெள்ளையடிக்க என்று பிடித்துக்கொண்டது போக மீதிதான் கைக்கு வந்தது.

இன்று குறைந்த வாடகையில்தான் இருக்கிறேன், அதை மறுக்கவில்லை. ஆனால் இரண்டாம் ஷிப்ட் முடிந்து வெளியே வரும் நேரத்தில் எங்கள் பக்கம் பேருந்து கிடையாது. ஆகவே தவணையில் வண்டி வாங்கினேன். தவணை, பெட்ரோல், மனைவி விட்ட வேலை ஆகிய மூன்றையும் சேர்த்தால் மூக்கண்டப்பள்ளி வாடகையைவிட அதிகமாகிறது. இந்தக் கணக்கை யாரும் ‘வாடகை உயர்வு’ என்று எழுதுவதில்லை.

பழைய வீட்டுக்காரர்

இழை தொடங்கியவருக்கும் தம்பிக்கும் வணக்கம். இந்தப் பேச்சில் வீட்டுக்காரர்கள் எப்போதும் வில்லன்களாகவே வருவதால் சில செய்திகளைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

1970களில் சிப்காட் தொழிற்பேட்டை வந்தது. 1980 வாக்கில் அசோக் லேலண்டும் டி.வி.எஸ்.ஸும், அந்தப் பத்தாண்டுகளின் பிற்பகுதியில் டைட்டனும் உற்பத்தியைத் தொடங்கியபோது, வெளியூரிலிருந்து வந்த தொழிலாளிக்குத் தங்க இடம் கட்டிக் கொடுத்தது அரசும் இல்லை, ஆலைகளும் பெரும்பாலும் இல்லை. எங்களைப் போன்றவர்கள்தான் மாட்டுக்கொட்டகை இருந்த இடத்தில் லைன் வீடு கட்டி விட்டோம். அந்த வீடுகளுக்கு இப்போது நாற்பது வயதாகிறது. ஒயரிங் மாற்ற வேண்டும், கூரை ஒழுகுகிறது. 2022இல் சொத்து வரியைக் கூட்டினார்கள். 600 சதுர அடி வரை 25 விழுக்காடு, 1,200 வரை 50, 1,800 வரை 75, அதற்கு மேல் 100 விழுக்காடு.

இனி கணக்குக்கு வருகிறேன். ஒரு குடும்பம் எனக்கு ஏழாயிரம் தருகிறது. அதே வீட்டில் இரண்டடுக்குக் கட்டில் மூன்று போட்டு ஆறு பேரைத் தங்கவைத்தால், படுக்கைக்கு 2,500 என்றாலும் 15,000 வரும். அதை நடத்துகிறவர் எனக்குப் பதினோராயிரம் கொடுத்துவிட்டு மீதியைத் தாம் வைத்துக்கொள்கிறார். வாடகை பாக்கி இல்லை, சண்டை சச்சரவு இல்லை, மாதம் ஐந்தாம் தேதி பணம் வந்துவிடுகிறது. ஓய்வூதியம் இல்லாத என்னைப் போன்றவர் இதில் எதைத் தேர்ந்தெடுப்பார் என்று நீங்களே சொல்லுங்கள்.

இரண்டாம் ஷிப்ட்

அண்ணா, உங்கள் மீது கோபம் இல்லை. ஆனால் வரியைக் காரணமாகச் சொல்வதை மட்டும் ஏற்க முடியவில்லை. லைன் வீட்டுக்கு ஆண்டு முழுவதும் கட்டும் சொத்து வரி எவ்வளவு? அது பாதியளவு கூடினாலும், மாதம் நாலாயிரம் கூடுதல் வாடகை என்ற உங்கள் கணக்கில் அது எந்த மூலைக்கு? காரணம் வரி அல்ல, ஆறு படுக்கை.

நகரமைப்பு மாணவி

மேலே இருவரும் சொன்னது, கோட்பாட்டு நூல்களில் படிப்பதைவிடத் தெளிவாக இருக்கிறது. 1979இல் நீல் ஸ்மித் என்ற புவியியலாளர் முன்வைத்த விளக்கம் இதற்கு நன்றாகப் பொருந்துகிறது. ஒரு மனை இன்றைய பயன்பாட்டில் ஈட்டித் தரும் வருமானத்துக்கும், அதே மனை வேறு பயன்பாட்டில் ஈட்டித் தரக்கூடிய வருமானத்துக்கும் நடுவே ஓர் இடைவெளி இருக்கிறது. அது போதிய அளவு அகலமாகும்போது, முதலீடு அங்கே பாய்ந்து பழைய குடிகளைத் தள்ளிவிடுகிறது என்பது அவர் வாதம். குடியேறுகிறவர்களின் ரசனை மாற்றத்தைக் காரணமாகக் காட்டியவர்களுக்கு அவர் அளித்த மறுமொழி அது.

ஆனால் ஸ்மித் எழுதியது அமெரிக்க நகரங்களைப் பற்றி. அங்கே நகர மையத்தில் நெடுங்காலம் முதலீடு நின்று, கட்டடங்கள் பாழடைந்து, இன்றைய வருமானம் கீழே இறங்கியதால் இடைவெளி உண்டானது. ஓசூரில் கீழே எதுவும் இறங்கவில்லை. மேல் எல்லைதான் ஏறிக்கொண்டே போகிறது. அந்த மேல் எல்லையை நிர்ணயிப்பது ஓசூரின் சம்பளமும் அல்ல, நாற்பது கிலோமீட்டரில் இருக்கும் பெங்களூரின் சம்பளம். எலக்ட்ரானிக் சிட்டியில் வேலை பார்ப்பவருக்கு ஓசூர் வாடகை மலிவு. அங்கே வழக்கமாகிவிட்ட பத்து மாத முன்பணமும் அவருடன் சேர்ந்தே எல்லை தாண்டி வந்துவிட்டது. 2024 ஜூனில் சட்டமன்றத்தில் 2,000 ஏக்கரில் விமான நிலையம் அமைக்கப்படும் என்று முதலமைச்சர் அறிவித்தார். 2025 ஆகஸ்டில் பொம்மசந்திரா வரை மெட்ரோ ஓடத் தொடங்கியது. ஓசூருக்குள் ஒரு மெட்ரோ தண்டவாளமும் வரவில்லை, புதிய ஓடுபாதையும் போடவில்லை. ஆனால் மனை விலை மட்டும் அவை இரண்டும் வந்துவிட்டதைப் போலவே நடந்துகொள்கிறது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பணக்காரர் வந்து ஏழையைத் தள்ளுவதாகத்தான் இதை வழக்கமாக வருணிக்கிறார்கள். மேலே வீட்டுக்காரர் ஐயா சொன்ன கணக்கில் குடும்பத்தைத் தள்ளியவர்கள் பணக்காரர்கள் அல்லர். அந்தக் குடும்பத்தைவிடக் குறைவாகச் சம்பாதிக்கும் இளம் தொழிலாளர்கள். தேன்கனிக்கோட்டைப் பக்கம் புதிதாக வந்த மின்னணு ஆலைகளுக்காகப் பல மாவட்டங்களிலிருந்தும் வெளிமாநிலங்களிலிருந்தும் வருகிறவர்கள், ஆளுக்குக் கொஞ்சம் கொடுத்து ஆறு பேராகச் சேரும்போது ஒரு குடும்பத்தை விஞ்சிவிடுகிறார்கள். ஆகவே ஓசூரில் குடும்பங்கள் இரண்டு பக்கமும் நெருக்கப்படுகின்றன. ஒரு பக்கம் பெங்களூர்ச் சம்பளம், மறுபக்கம் படுக்கைக் கணக்கு.

அதியமான்கோட்டை

தர்மபுரியிலிருந்து ஒரு மாற்றுக் கருத்து. 2004 பிப்ரவரியில் கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகப் பிரிந்தபோது ஓசூரும் அதன் தொழிற்சாலைகளும் உங்களோடு போயின. எங்களுக்கு மிஞ்சியது வானம் பார்த்த பூமியும் பேருந்து நிலையமும். இங்கே வாடகை ஏறவில்லை, உண்மைதான். ஏறாததற்குக் காரணம், பிள்ளைகள் படித்து முடித்ததும் பெங்களூருக்கும் திருப்பூருக்கும் உங்கள் ஓசூருக்கும் வண்டி ஏறிவிடுவது. பாலக்கோடு, பென்னாகரம் பக்கத்து ஊர்களில் பூட்டிக் கிடக்கும் வீடுகளைப் பார்த்தவர்களுக்கு, வாடகைக்கு ஆள் போட்டி போடும் ஊர் ஒரு கொடுப்பினையாகத்தான் தெரியும். நீங்கள் சொல்லும் அந்த ஆறு படுக்கைகளில் இரண்டில் எங்கள் மாவட்டத்துப் பிள்ளைகள்தான் படுத்திருப்பார்கள். அவர்கள் வரக்கூடாது என்கிறீர்களா?

மலையடிவாரம்

அப்படி யாரும் சொல்லவில்லை நண்பரே. வருகிறவர்களைக் குறை சொல்லும் பேச்சு இந்த இழைக்கு வேண்டாம் என்பதே என் விருப்பமும். தெலுங்கும் கன்னடமும் தமிழும் உருதும் ஒரே தெருவில் பேசும் ஊரில், யார் முன்னால் வந்தார், யார் பின்னால் வந்தார் என்று தோண்ட ஆரம்பித்தால் முடிவே இருக்காது.

நான் கேட்பது வேறு. ஊர் வளர்ந்ததன் பலன் மனை வைத்திருந்தவருக்கு வந்தது. ஊரை வளர்த்த உழைப்பில் பாதி வாடகைக்கு இருந்தவருடையது, அவருக்கு வந்தது காலி செய்யும் அறிவிப்பு. இந்தக் கணக்கில் ஏதாவது திருத்தம் செய்ய முடியுமா?

பிள்ளைகள் படிப்பையும் இதில் சேர்க்க வேண்டும். பழைய நகரிலும் சுற்றுவட்டாரத்திலும் தெலுங்கு வழி, கன்னட வழி அரசுப் பள்ளிகள் இன்னும் இருக்கின்றன. அந்தப் பள்ளியை நம்பி ஐந்தாம் வகுப்பு வரை படித்த பிள்ளை, பெற்றோர் புறநகருக்குப் போனதும் பாதியில் பயிற்றுமொழியை மாற்றிக்கொள்ள வேண்டியதாகிறது. இதை எந்த வாடகைப் புள்ளிவிவரமும் காட்டாது.

தளிச்சாலை மெஸ்

வீடுகளைப் பற்றி மட்டும் பேசுகிறீர்கள், கடைகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நாங்கள் மெஸ் நடத்துகிறோம். காலையில் இட்லி, மதியம் களியும் கீரைக் கடைசலும் சோறும், இரவு சப்பாத்தி. வாடிக்கையாளர்களில் பாதிப் பேருக்கு நோட்டில் கணக்கு. சம்பளம் வந்ததும் தீர்ப்பார்கள். சென்ற முறை கடை ஒப்பந்தத்தைப் புதுப்பித்தபோது, பக்கத்துக் கடையைக் காபிக் கடைக்காரர்கள் என்ன வாடகைக்கு எடுத்தார்களோ அதே வாடகையைக் கட்டட உரிமையாளர் எங்களிடமும் கேட்டார். அவர்கள் ஒரு காபியை நூற்றைம்பது ரூபாய்க்கு விற்கிறார்கள். நாங்கள் ஒரு களி உருண்டையை அந்த விலைக்கு விற்றால் யார் வந்து சாப்பிடுவார்கள்?

வாடிக்கையாளர் இடம் மாறிப் போவதும் ஒரு நட்டம்தான். நோட்டுக் கணக்கு என்பது முகம் பார்த்துக் கொடுக்கும் கடன். பி.ஜி. எனப்படும் படுக்கை வாடகை விடுதியில் தங்கும் பிள்ளைகள் ஆறு மாதத்தில் வேறு ஆலைக்குப் போய்விடுகிறார்கள். அவர்களுக்குக் கடன் கொடுக்க எனக்குத் துணிவில்லை, வாங்க அவர்களுக்கும் விருப்பமில்லை, கைப்பேசியில் பணத்தை அனுப்பிவிட்டுப் போய்விடுகிறார்கள். வசூல் சுலபம்தான். ஆனால் மாதக் கடைசியில் கையில் காசில்லாத தொழிலாளி சாப்பிட இந்தச் சாலையில் இடம் குறைந்துகொண்டே வருகிறது.

கருப்பு அங்கி

வழக்கறிஞர் என்ற முறையில் சில விவரங்களைச் சொல்கிறேன். 1960ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இப்போது நடைமுறையில் இல்லை. அதற்குப் பதிலாக வந்த 2017ஆம் ஆண்டின் நில உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகள் மற்றும் பொறுப்புகள் ஒழுங்குமுறைச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். 90 நாட்களுக்குள் வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். ஒப்பந்தக் காலத்தின் நடுவே, ஒப்பந்தத்தில் சொல்லப்படாத உயர்வைக் கேட்க முடியாது. குடிநீரையோ மின்சாரத்தையோ நிறுத்தி ஆளைக் கிளப்புவதும் சட்டப்படி தடை செய்யப்பட்ட செயல். மோட்டார் சாவியை எடுத்துக்கொண்டு போய்விடும் உரிமையாளர்கள் இதைப் படிக்க வேண்டும். முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக்கூடாது என்றும் அதில் இருக்கிறது.

தெருவோர வியாபாரிகளுக்கு 2014ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் இருக்கிறது. கணக்கெடுப்பு முடிந்து சான்று வழங்கும்வரை யாரையும் அப்புறப்படுத்தக்கூடாது. இடம் மாற்றுவதானால் 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும். நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 விழுக்காடு வியாபாரிகளின் பிரதிநிதிகளும், அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்களும் இருக்க வேண்டும். பேருந்து நிலையத்தைச் சுற்றிப் பூ விற்கும் பெண்களுக்கு இதை யாராவது எடுத்துச் சொன்னால் நல்லது.

இரண்டாம் ஷிப்ட்

மூன்று மாத முன்பணம் என்று சட்டத்தில் இருக்கிறது என்றால், ஊர் முழுவதும் பத்து மாதம் எப்படி வாங்குகிறார்கள் சார்?

கருப்பு அங்கி

அதே பிரிவின் தொடக்கத்திலேயே, ‘வேறுவகையில் உடன்பாடு இருந்தாலொழிய’ என்று பொருள்படும் சொற்கள் இருக்கின்றன. பத்து மாதத்துக்கு நீங்கள் கையெழுத்துப் போட்டுவிட்டால், அது உங்கள் சம்மதம் என்றாகிவிடுகிறது. வேறு வீடு கிடைக்காதவரின் சம்மதத்துக்கு என்ன மதிப்பு என்பதைச் சட்டம் ஆராய்வதில்லை. என் கருத்தில் அந்தச் சொற்களை நீக்கினாலே ஓசூரில் பாதிப் பிரச்சினை தணியும். ஏனென்றால் இங்கே குடும்பங்களை ஊருக்கு வெளியே தள்ளுவது மாத வாடகையைவிட மொத்தமாகக் கேட்கும் முன்பணம்தான்.

நகரமைப்பு மாணவி

முன்பணத்துக்கு உச்சவரம்பு என்பதை ஆதரிக்கிறேன். வாடகைக்கே உச்சவரம்பு என்று சிலர் கேட்பதில் மட்டும் எனக்குத் தயக்கம் உண்டு. மும்பையில் 1947ஆம் ஆண்டின் வாடகைச் சட்டம் 1940ஆம் ஆண்டின் வாடகையை அடிப்படையாக வைத்து உறைய வைத்தது. ஏற்கெனவே குடியிருந்தவர்களுக்கு அது பாதுகாப்பாக இருந்தது. ஆனால் உரிமையாளர்கள் பழுது பார்ப்பதை நிறுத்தினார்கள், சாளிகள் எனப்படும் தொழிலாளர் அடுக்குக் குடியிருப்புகள் சரிந்தன. பெர்லினில் 2020இல் கொண்டுவந்த வாடகை உச்சவரம்பை 2021 ஏப்ரலில் அந்நாட்டு அரசமைப்பு நீதிமன்றம், மாநிலத்துக்கு அந்த அதிகாரம் இல்லை என்று ரத்து செய்தது. நடைமுறையில் இருந்த காலத்திலும், வாடகைக்கு விளம்பரமாகும் வீடுகள் குறைந்துபோயின.

மும்பையிலிருந்து ஓசூர் எடுத்துக்கொள்ள வேண்டிய எச்சரிக்கை வேறொன்று என்பது என் எண்ணம். 1982 வேலைநிறுத்தத்துக்குப் பிறகு பரேல் வட்டாரத்தின் பஞ்சாலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டு, அந்த நிலங்களில் வணிக வளாகங்களும் உயரமான குடியிருப்புகளும் எழுந்தன. ஆலை போன பிறகு அங்கே தொழிலாளி போனார். ஓசூரில் ஆலை ஓடிக்கொண்டிருக்கும்போதே தொழிலாளி ஊரைவிட்டுத் தள்ளப்படுகிறார். ஆகவே இங்கே ஆலைகளுக்கும் இதில் பொறுப்பு உண்டு என்று கேட்க முடியும். ஆட்கள் வர முடியாத தூரத்துக்குப் போனால் நட்டம் அவற்றுக்கும்தான்.

பாகலூர் ரோஜா

நீங்கள் எல்லாரும் ‘புறநகருக்குப் போனார்கள்’ என்று எழுதும் அந்தப் புறநகர் எங்கள் நிலம். பசுமைக் குடிலில் ரோஜா போட்டிருந்த பக்கத்து வயல் இப்போது மனைப் பிரிவு. கல் நட்டு, நடுவில் தார்ச்சாலை போட்டு, நுழைவாயிலில் வளைவு கட்டியிருக்கிறார்கள். ஏரிக்குத் தண்ணீர் போகும் கால்வாய் அந்த வளைவுக்கு அடியில்தான் முடிகிறது. விற்றவரையும் குறை சொல்ல முடியாது. அந்த விலைக்கு ரோஜா எத்தனை ஆண்டு பூத்தாலும் ஈடாகாது. தம்பி வந்து தங்கியிருக்கும் வீடும் அப்படி ஒரு மனையில்தான் இருக்கும். ஆழ்துளைக் கிணற்று நீரை எங்களோடுதான் பங்குபோட்டுக்கொள்கிறார். இன்னும் சில ஆண்டுகளில் அங்கேயும் வாடகை ஏறும். அடுத்து சூளகிரிக்குப் போவாரா?

அதியமான்கோட்டை

மாணவி ஆலைகளின் பொறுப்பைப் பற்றிச் சொன்னதால் ஒரு தகவல். காஞ்சிபுரம் மாவட்டம் வல்லம் வடகாலில் சிப்காட் வளாகத்தில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கும் குடியிருப்பு 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. செலவு 706 கோடி ரூபாய்க்கு மேல். அந்த அளவில் ஒன்று ஓசூர்ப் பக்கம் வந்தால், லைன் வீடுகளில் இரண்டடுக்குக் கட்டில் போட வேண்டிய தேவை தானாகவே குறையும். எங்கள் பிள்ளைகளுக்கும் மரியாதையான தங்குமிடம் கிடைக்கும், உங்கள் குடும்பங்களுக்கும் வீடு மிஞ்சும்.

பழைய வீட்டுக்காரர்

தர்மபுரி நண்பர் சொல்வதில் எனக்கு வரக்கூடிய பதினோராயிரம் போய்விடும் என்பது புரிகிறது. இருந்தாலும் அது நியாயமான யோசனைதான்.

குடும்பங்களுக்கு விடுவதில் எனக்கு வெறுப்பு எதுவும் இல்லை. என் பயம் இரண்டு: பாக்கி வைத்துவிட்டு ஆண்டுக்கணக்கில் நீதிமன்றத்துக்கு இழுப்பார்களோ என்பது ஒன்று, பத்து ஆண்டு இருந்தால் உரிமை கோருவார்களோ என்பது இன்னொன்று. இரண்டாவது வெறும் வதந்தி என்று எங்கள் வக்கீல் பலமுறை சொல்லிவிட்டார், ஆனாலும் எங்கள் தலைமுறைக்கு அந்தப் பயம் போகவில்லை. மூன்று ஆண்டு ஒப்பந்தம், ஆண்டுக்கு ஐந்து விழுக்காடு உயர்வு, மூன்று மாத முன்பணம், எல்லாம் எழுத்தில், பதிவோடு என்று ஒருவர் வந்தால், தேர்ப்பேட்டைப் பக்கம் எனக்கு இருக்கும் இரண்டு பகுதிகளை விடத் தயார். படுக்கைக் கணக்கு அளவுக்கு வராது; ஆனால் அங்கே பி.ஜி. நடத்த அக்கம்பக்கத்தில் விடவும் மாட்டார்கள்.

மலையடிவாரம்

ஐயா, அந்த ஒப்பந்தத்தை இரண்டு குடும்பங்களுக்கும் சேர்த்து ஒன்றாகப் போடலாமா, தனித்தனியாகவா? இதை வழக்கறிஞர் தெளிவுபடுத்தினால் எங்கள் தெருவிலும் இரண்டு மூன்று பேர் கேட்கிறார்கள்.

கருப்பு அங்கி

தனித்தனியாகத்தான். ஒவ்வொரு பகுதிக்கும் கதவு எண், மின் இணைப்பு எண் ஆகியவற்றைக் குறிப்பிட்டு ஒப்பந்தம் எழுதுங்கள். ஒரே மின் இணைப்பில் இரண்டு குடும்பங்கள் இருந்தால் யூனிட்டுக்கு என்ன கணக்கில் வசூல் என்பதையும், குழாய், கழிப்பறை ஆகிய பொதுப் பயன்பாட்டையும் அதிலேயே எழுதிவிடுங்கள், சண்டை பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது. வெள்ளையடிக்கும் செலவு யாருடையது என்பதற்கும் ஒரு வரி வேண்டும். கையெழுத்தான பிறகு 90 நாட்களைக் கடத்தாமல், அரசின் வாடகைப் பதிவு இணையதளத்தில் இரு தரப்பு விவரங்களோடும் விண்ணப்பியுங்கள். பதிவு எண் வந்ததும் அதன் நகல் இருவரிடமும் இருக்கட்டும். இரண்டாம் ஷிப்ட் தம்பி, தேர்ப்பேட்டை உங்களுக்குச் சரிப்படும் என்றால் வீட்டுக்காரர் ஐயாவுக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள். வரைவை நான் பார்த்துத் தருகிறேன்.